பழைய கைத்தொலைபேசியின் சேமிப்பைக் காத்தல்

புதிய கைத்தொலைபேசி வந்த பின்னரும் பழைய பொத்தான் தொலைபேசியை வீசிவிட மனம் ஒப்பாதவர் நம்மிடையே பலர். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினரின் இலக்கங்கள் அதனுள்ளே உள்ளன. காலஞ்சென்ற தாய் ஒருவரின் குரலும் அதிலே பதிவாகியிருக்கக்கூடும். அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் இவை என்றும் இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தகும் என்பதை முதலிலே நோக்குவோம்.

மின்கலத்தைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வாறு அழிவதில்லை. பேசியின் நினைவகத்தில் எண்ணிறந்த நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் சிறைப்பட்டிருக்கும் மின்னேற்றமே நாம் எழுதிய பெயராகவும் இலக்கமாகவும் நிற்கின்றது. அது மின்கலத்தின் துணையின்றியே பல ஆண்டுகள் தங்கும். எனினும் சிறிது சிறிதாகக் கசியும்; வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் தகிக்கும் அலுமாரி இதற்கு உகந்த இடமன்று. ஆதலின் பேசி இயங்கும்போதே படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். மின்கலம் வீங்கியிருப்பின் அதற்கு மின்னேற்றாது, அதே வகையான வேறொன்றை வாங்கிப் பொருத்துக.

உள்ளடக்கம் மூன்று இடங்களிலே பரந்து கிடக்கும்: சிம் அட்டை, பேசியின் சொந்த நினைவகம், செருகி எடுக்கும் நினைவக அட்டை. சிம் அட்டையைப் பலர் பெரிதும் நம்புவர். அதிலே பெரும்பாலும் 250 பெயர்கள் வரையே அடங்கும். பெயரின் நீளத்துக்கும் வரம்புண்டு. தமிழில் எழுதினால் அவ்வரம்பு இன்னும் குறுகும். 'சின்னத்தம்பி மாமா' என்பதில் மாமா மறைந்துபோவார். எனவே சிம்மில் உள்ளவற்றை முதலிற் பேசியின் நினைவகத்துக்கு மாற்றிவிடுவது நன்று.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 2700 கிளாசிக் என்னும் பேசியில், 'செற்றிங்ஸ்' பகுதியில் 'சிங்க் அன்ட் பக்கப்' என்றொரு பிரிவு உண்டு. அங்கே 'கிறியேற் பக்கப்' என்பதைத் தெரிவு செய்தால், பெயர்களும் குறுஞ்செய்திகளும் நாட்குறிப்பும் ஒரே கோப்பாக நினைவக அட்டையில் எழுதப்படும். பலர் இவ்விடத்தில் நிறுத்தி நிம்மதியடைவர். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. அக்கோப்பு அந்நிறுவனத்தின் பேசிகளுக்கென அமைந்தது. புதிய பேசி அதனைப் படிக்கமாட்டாது. பழைய பேசி பழுதடைந்த பின், பூட்டு ஒன்றும் திறப்பு வேறொன்றுமாய் நிற்போம்.

இதற்கு வழி இல்லாமலில்லை. அந்த என்.பி.எஃப். கோப்பைக் கணினியிற் படியெடுத்து, படியின் பெயரீற்றை 'ஸிப்' என்று மாற்றித் திறந்தால், உள்ளே ஒவ்வொருவரின் பெயரும் இலக்கமும் வி.சி.எஃப். என்னும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். இது எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது வடிவம். இன்றைய பேசிகளும் இதனை ஏற்கும். கணினி இல்லாதோர், புளூடூத் வழியாக ஒவ்வொரு பெயராகப் புதிய பேசிக்கு அனுப்பலாம். இருநூறு பெயர்கள் எனில் ஒரு மாலைப்பொழுது செல்லும். பிள்ளைகளை உதவிக்கு அழைக்கலாம்.

தமிழ்ப் பெயர்களைக் கணினியில் திறந்து பார்ப்போர் திகைப்பதுண்டு. சமக்குறிகளும் இலக்கங்களும் உரோம எழுத்துக்களுமாக ஏதோ குழப்பம் தோன்றும். அஃது அழிவன்று. தமிழ் எழுத்தைப் பழைய வழிகளிற் கேடின்றிக் கொண்டுசெல்ல அமைத்த குறியீடு அது. 'அ' என்னும் ஓர் எழுத்துக்கே ஒன்பது குறிகள் வேண்டும். அதனைத் திருத்த முயன்று சேமித்தால்தான் பெயர் கெடும். தொடாது புதிய பேசிக்கு அனுப்புக. அங்கே தமிழாகவே எழும்.

படியெடுத்ததும் சோதித்தல் வேண்டும். பாடசாலையிற் சேர்வு இடாப்பைப் படியெடுத்தால் மூலத்தோடு ஒப்புநோக்காமல் நாம் கையொப்பமிடுவதில்லை அல்லவா? தமிழில் எழுதிய, இரண்டு மூன்று இலக்கங்கள் கொண்ட பெயர் ஒன்றைத் தெரிந்து, அதை மாத்திரம் புதிய பேசியில் இட்டுப் பார்க்க. எல்லா இலக்கங்களும் வந்தனவா என நோக்கிய பின்னரே ஏனையவற்றை இடுக. அக்கோப்பைப் பழைய பேசியிலேயே மீண்டும் இடுவதாயின், பின்னர் சேர்த்த பெயர்கள் மறையவுங்கூடும். அதற்குமுன் மற்றுமொரு படி எடுத்துக்கொள்க.

குரற்பதிவுகள் இவ்வளவு தொல்லை தரா. அவை பெரும்பாலும் ஏ.எம்.ஆர். என்னும் வடிவில், பேச்சுக்கென்றே அமைந்த சுருக்க முறையிற் பதிவானவை. நினைவக அட்டையிலிருந்து கணினிக்கு நேரே படியெடுக்கலாம், வி.எல்.சி. போன்ற செயலி அதனை ஒலிக்கச் செய்யும். ஒலி சற்று மெலிந்திருக்கும். பதிவின்போதே விடுபட்டதை எவராலும் மீட்க இயலாது. வேறு வடிவுக்கு மாற்றுவோர் மூலக் கோப்பையும் வைத்திருப்பாராக. ஒரு படி கணினியிலும் மற்றொன்று வெளியூரிலுள்ள உறவினர் வசமும் இருக்கட்டும். இலக்கங்களை மட்டும் ஓர் அப்பியாசக் கொப்பியிலும் எழுதி வைக்கலாம். அதற்கு மின்னேற்றம் வேண்டியதில்லை.

பழைய பேசியைப் பிறருக்குக் கொடுப்பதாயின், இவையனைத்தும் முடிந்த பின், சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிவிட்டு உள்ளதை அழிக்கலாம். அதற்குப் பாதுகாப்புக் குறியீடு கேட்கும். நோக்கியாப் பேசிகளில் நாம் மாற்றாதவிடத்து அது 12345.