விட்டில் என்றொரு சொல்

சென்ற மாசி அமாவாசை இரவில், எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியிலே என் வேட்டியொன்று கயிற்றில் தொங்கியது, உலர்த்துவதற்காக அன்று. அதன் முன்னே ஊதா ஒளி உமிழும் விளக்கொன்றை வைத்து, மாணவர் நால்வர் குறிப்பேடும் கையுமாகக் குந்தியிருந்தனர். நிலவு காய்ந்தால் பூச்சிகள் விளக்கை நாடி வருவது குறையுமாம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகத்து விளக்குகள் மாத்திரம் மினுங்கின.

எட்டு மணிக்குள் வேட்டி நிறைந்துவிட்டது. "ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றான் ஒருவன். "விட்டில்" என்றேன். இன்னொன்றைக் காட்டினான். "அதுவும் விட்டில்தான்." மூன்றாவதற்கு அவன் கேட்கவில்லை. முப்பதாண்டு தமிழ் கற்பித்தவனை அந்த மௌனம் சுட்டது. வெட்டுக்கிளியையுங்கூட அச்சொல்லாலேயே வழங்குவதுண்டு!

ஆசையால் விளக்கில் வீழ்ந்து மாளும் பேதைமைக்கு உவமையாகவே விட்டிலை வகுப்பிற் கூறிவந்தேன். 2024 இல் வெளியான ஆய்வொன்று வேறு கூறுகிறது. இரவிலும் தரையைவிட வானமே ஒளியுடையது. ஆதலால் பறக்கும் பூச்சி ஒளியுள்ள பக்கத்துக்கு முதுகைத் திருப்பித் தன்னை நேர்செய்துகொள்கிறது. அருகே விளக்கிருப்பின் அக்கணக்குப் பிழைத்து, அதனையே சுற்றிச் சுழல்கிறது. ஆசை அதனுடையதன்று, நாம் ஏற்றியது.

1957 வரை இத்துறைமுகத்தில் தளம் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையிலே, கணக்கலுவலராய் இருந்தவர் தாமஸ் பெயின்பிரிக் பிளெச்சர். 1905 இல் சீலார்க் என்னும் கப்பலில் இந்து சமுத்திரத் தீவுகளை ஆராயச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். சிறகு பிளவுபட்டு இறகுபோல் தோன்றும் மிகச் சிறிய அந்துப்பூச்சிகளிலேயே அவருக்குத் தனிப்பற்று. அவ்வகையில் ஒன்றை 1907 இல் இலங்கையிலிருந்து விவரித்தார். அதன் புழுவுக்கு உணவு எது தெரியுமோ? அழுகண்ணி! இலை மயிர்களிற் பசைத்துளி சுரந்து, ஒட்டிய பூச்சியைச் சீரணித்துவிடும் செடி அது. பூச்சியைத் தின்னும் செடியை ஒரு பூச்சி தின்கிறது. வாகடங்களில் அழுகண்ணியின் பெயரைப் பலமுறை படித்திருக்கிறேன். குனிந்து செடியைப் பார்த்ததில்லை. அத்துளிகளைக் கண்ணீரென்று கண்டு பெயரிட்டவன் பார்த்திருக்கிறான்.

பத்து மணியளவில், பாசிபடிந்த சலவைக்கல் போன்ற பச்சைநிறப் பெரும் பூச்சியொன்று வேட்டியில் வந்தமர்ந்தது. கோயிலுக்குப் பூப்பறிக்கும் அயல்வீட்டு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்தார்.

"இது நந்தியாவட்டைப் புழுவெல்லோ தம்பி! நீலக்கண் ரெண்டு போட்ட புழு. சிரட்டையால மூடி வைச்சுப் பார்த்தனான், இதுதான் வந்தது."

மாணவன் கைபேசியிலே தேடினான். டாப்னிஸ் நீரியை; 1758 இல் லின்னேயசு வைத்த சிறப்புப் பெயர், அலரியிலிருந்து வந்ததாம். அதன் புழு அலரியையும் தின்னும், நந்தியாவட்டையையும் தின்னும். சுவீடனின் பேரறிஞர் செய்ததும், எங்கள் ஆச்சி செய்ததும் ஒன்றே: உண்ணும் செடியால் உயிரை அழைத்தல். எந்தக் கல்லூரியிலும் பயிலாத ஆச்சிக்குச் சிரட்டை போதுமாயிருந்தது.

நள்ளிரவில் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். நாள், இடம், காற்று, மழையின்மை யாவும் எழுதப்பட்டிருந்தன. எதனையும் கொல்லாமல் படம் மட்டும் எடுத்திருந்தனர். தமிழ்ப்பெயருக்கென விட்ட பத்தியில் ஒரே வரி: "நந்தியாவட்டை விட்டில். சொன்னவர்: ஆச்சி." ஏனைய இடங்கள் வெறுமையாயிருந்தன.

பங்குனி அமாவாசைக்கும் வேட்டி கேட்டிருக்கிறார்கள். ஆச்சியையும் அழைத்திருக்கிறேன்.