லங்காஸ்டர் மேசைகள்

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் 1730 வாக்கில் மரச்சாமான் பட்டறை தொடங்கினார் ராபர்ட் கில்லோ. தச்சு பயின்று நகர உரிமை பெற்றவர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மகோகனி மரமும் சர்க்கரையும் ரம்மும் வந்தன. லங்காஸ்டரிலிருந்து நாற்காலிகளும் மேசைகளும் கப்பலேறின. அந்த வணிகத்தின் செழிப்புக்குப் பின்னால் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள் இருந்தன.

மகன் ரிச்சர்டு கட்டடக் கலையும் அறிந்தவர். 1764இல் அவர் வடிவமைத்த துறைமுகச் சுங்க மாளிகை பின்னாளில் கடல்சார் அருங்காட்சியகமானது. விருந்தாளிகள் கூடினால் இழுத்து நீட்டி, நடுவே பலகை செருகிக்கொள்ளும் உணவு மேசைக்கு 1800இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் கில்லோ குடும்பத்தார் கடை திறந்தார்கள். சாமான்களின் படமும் மரம், கூலிச் செலவும் பதிந்த நிறுவனத்தின் கணக்கேடுகள் இன்றும் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர ஆவணக்காப்பகத்தில் உள்ளன.