கொடிக்காலுக்குள் ஒரு மனை

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆத்தூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டுக்கு பிளான் போட்டு, அனுமதி வாங்கித் தந்து, கான்கிரீட் போடும் நாளில் கொத்தனாரோடு வெயிலில் நிற்கிற பொறியாளர் நான். என்னிடம் வருகிறவர்கள் பேச்சைத் தொடங்கும் விதம் அநேகமாக ஒன்றுதான். "அக்கா, மனை வாங்கியாச்சு. பேங்க்ல லோனுக்கும் சொல்லியாச்சு. தை பிறந்ததும் வானம் தோண்டணும். நீங்க பிளான் மட்டும் போட்டுத் தந்திருங்க."

"பிளான் போட்டிருவோம் தம்பி. அது என்ன நிலம்?" என்று கேட்பேன்.

"ரோட்டு மேலதான்க்கா இருக்கு" என்று பதில் வரும்.

நான் கேட்டது அதை அல்ல. அரசுப் பதிவேட்டில் அது குடியிருப்பு நத்தமா, புன்செய்யா, நன்செய்யா? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா? புலப்படத்தில் அதன் ஓரமாக வாய்க்கால் ஏதும் ஓடுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் வரைகிற பிளான் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் தாள்தான்.

இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 22-ஆம் தேதி தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் தாங்களே விண்ணப்பிக்கலாம். விவரங்களைக் கொடுத்து, ஆவணங்களை ஏற்றி, கட்டணத்தைக் கட்டியதும் கியூஆர் குறியீடு போட்ட அனுமதி கைக்கு வந்துவிடும். அதற்கு முன் மனையைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஐந்தரை சென்ட் வரையுள்ள மனை இந்த அளவுக்குள் அடங்கும் என்பதால், எங்கள் பகுதியில் கட்டப்படும் சாதாரண வீடுகளுக்கு இதுவே போதும்.

இந்த ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு சிறிய வீட்டுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களைப் பார்த்தவள் நான். ஆனால் அன்றைக்கு அதிகாரி கேட்ட கேள்விகளை இன்று வீட்டுக்காரரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொடுத்த விவரம் தவறென்று பின்னால் தெரிந்தால் அந்த அனுமதி செல்லாது. அதை நம்பி எழுப்பிய சுவருக்கு விண்ணப்பித்தவரே பொறுப்பு. பொத்தானை அழுத்தினால் அனுமதி வருகிறது என்று நம்பிப் பதிவேட்டைத் திறந்தே பார்க்காதவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆத்தூரைப் பொறுத்தவரை முதல் சிக்கல் வெற்றிலைக் கொடிக்கால்தான். முக்காணி, கொற்கை, சுகந்தலை, மாரந்தலை, மேலாத்தூர் என்று தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தியில் கொடி படர்ந்து கிடக்கும் அந்த நிலங்கள் நன்செய். விலை விழுந்த ஆண்டிலோ வாரிசுகள் வெளியூர் போன பிறகோ கொடிக்கால் தரிசாகிறது. அப்புறம் வண்ணம் அடித்த கல் நட்டு, மண் சாலை போட்டு, மனை என்று விற்கிறார்கள். "வெத்தலக்கொடி அழிஞ்சு எத்தனையோ வருசமாச்சு, அது இப்ப தரிசுதான்க்கா" என்பார்கள் வாங்கியவர்கள். பத்து வருடம் சும்மா கிடந்தாலும் நன்செய் தானாக வீட்டு நிலமாகிவிடாது. அதன் வகைப்பாடு 'அ' பதிவேட்டில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், இணையத்திலும் பார்க்கலாம்.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென்றே 2017-இல் தனி விதிகள் வந்தன. அதன்படி நகர் ஊரமைப்புத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். வேளாண் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். இதெல்லாம் வீண் அலைச்சல் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடிக்காலுக்குள் ஒரு வீடு எழுந்தால், அதைத் தாண்டிப் போகிற மடைவாய்க்கால் முதலில் குறுகும், பிறகு கழிவுநீர் ஓடையாகும், கடைசியில் மண் மூடிப் போகும். கீழ்மடைக்காரர் தண்ணீர் இல்லாமல் தன் கொடிக்காலையும் விற்பார். என்னிடம் கேட்டால், விளைகிற கொடிக்காலை விட்டுவிட்டு நத்தத்திலோ அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவிலோ இடம் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மனைப்பிரிவிலும் ஒரு பொறி உண்டு. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் இந்தக் கரையெங்கும் உள்ளன. தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் ஒரு மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் பலருக்கு இது உறைத்தது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் ஒரு மனையாவது பதிவாகியிருந்த பிரிவுகளுக்கு அதில் வழி கிடைத்தது. ஆகவே பழைய மனையை வாங்கும்போது, பக்கத்து மனைக்காரர் வீடு கட்டியிருக்கிறார் என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

நத்தம் என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பழைய தெருக்களில் தாத்தா பெயரில் ஒரே பட்டா இருக்கும், அதன் மேல் மூன்று அண்ணன் தம்பிகள் அடுப்பு வைத்திருப்பார்கள். பாகப்பிரிவினை எழுதி, சர்வேயரை அழைத்து உட்பிரிவு செய்து, அவரவர் பெயருக்குப் பட்டா வாங்கிய பிறகு பிளானுக்கு வாருங்கள். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

இனி தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஆத்தூர், முக்காணி எல்லாவற்றையும் மூழ்கடித்தது. வடிந்த பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். பழைய தெருக்களில் பல வீடுகளின் திண்ணை உயரம் எதற்காக என்று அப்போது விளங்கியது. வாய்க்காலை ஒட்டிப் புதிதாகக் கட்டிய வீடுகளில் சேறு ஜன்னல் வரை ஏறியிருந்தது.

அதனால் பிளான் போடும் முன் நான் செய்கிற வேலை, பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறையைத் தேடுவது. அந்த மட்டத்துக்கு மேல் பேஸ்மெண்ட் போடச் சொல்வேன். அடுத்து, புல வரைபடத்தில் ஓடையும் வாய்க்காலும் எங்கே என்று பார்ப்பேன். தரையில் புதர் மண்டி எதுவும் தெரியாமல் இருக்கலாம். வரைபடத்தில் இருந்தால் அது நீர்வழிதான், அதன் மேல் கட்டிய சுவர் ஆக்கிரமிப்புதான். குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நீர்நிலைக்கு அருகில் உள்ள மனைகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மனையை மட்டும் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி உயர்த்தினால், உங்கள் பங்குத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். மேடாக்குவதற்கு முன் அது எந்த வழியாக வெளியேறும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆற்றின் இன்னொரு விதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆத்தூர் கடற்கரை ஊர் அல்ல, ஆனால் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் ஆற்றின் கரையில் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991-இல் மத்திய அரசு கொண்டுவந்த அறிவிக்கை கடலுக்கு மட்டுமானது அல்ல, கடலேற்றம் உள்ளே வந்து போகிற ஆறு, கழிமுகம், ஓடைகளுக்கும் பொருந்தும். கடல் பக்கம் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர். ஆற்றின் பக்கம் 2011 அறிவிக்கையின்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. ஆற்றில் எதுவரை கடலேற்றம் என்பதைக் கோடை நாளின் உப்புத்தன்மையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இந்த எல்லை சர்வே எண் வாரியாகக் கடலோர மண்டல வரைபடத்தில் இருக்கும். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் பக்கம் மனை பார்க்கிறவர்களும் ஆற்றங்கரையில் தோட்டத்தோடு வீடு கேட்கிறவர்களும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். மீனவர்களின் பாரம்பரியக் குடியிருப்புகளுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு, வெளியூர்க்காரர் அதைக் காட்டி வீடு கட்ட முடியாது.

இந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்கு அந்த வரைபடத்தின் அவசியம் புரியும். முத்துக்குளிப்பால் உலகறிந்த கொற்கை இன்று கடலை விட்டு மைல் கணக்கில் உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இன்றைய பழையகாயல். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவைத்தது. அந்த வண்டல் மேல்தான் நாம் அஸ்திவாரம் போடுகிறோம். ஆகவே மண் பரிசோதனையைச் செலவென்று தள்ளாதீர்கள்.

மனைக்குள் வந்தால் விதிகள் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பில் இரண்டு மடங்கு வரை. முன்புறம் விட வேண்டிய இடம் தெருவின் அகலத்தைப் பொறுத்தது, பக்கவாட்டில் விடுவது உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெருக்கள் தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் சலுகை உண்டு. எங்கள் ஊரில் அதிகம் தகராறு வருவது மாடிப்படியால்தான். பிளானில் காலியாகக் காட்டிய பக்கவாட்டு இடத்தில் பிறகு வெளிப்படிக்கட்டு முளைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதுவார். படியை முதலிலேயே வீட்டுக்குள் வரைந்துவிடுங்கள். இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுப்பதற்கும் புதிதாக அனுமதி வேண்டும். வெள்ளையடிக்க, பூச்சு வேலை செய்ய, தரை போட, உடைந்த ஓடு மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம்.

அனுமதி வந்ததும் அதைப் பத்திரத்தோடு பீரோவில் பூட்டிவைப்பதோடு விட்டுவிடாதீர்கள். 2023 வெள்ளத்தில் பீரோவோடு காகிதமெல்லாம் கூழான வீடுகள் இங்கே பல. பதிவு செய்த பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். பழைய காலத்தில் கையால் வரைந்து முத்திரை வாங்கிய பிளானுக்கு மறுநகல் தேடுவதுதான் பெரும்பாடு. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பட்டா, பத்திரம், வரி ரசீதோடு சேர்த்து இந்த வாரமே ஸ்கேன் செய்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தம்பிக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.