கன்டம்: 45 ஆண்டுகளைக் கடந்த ஜப்பானியத் தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

புனே: ஜப்பானுக்கும் புனே நகருக்கும் இடையேயான நெருக்கம், சிங்ககட் சாலையில் உள்ள பு.ல. தேஷ்பாண்டே பூங்காவுக்குள் நுழைந்தாலே புலப்படும். ஒகயாமா நகரின் புகழ்பெற்ற கொராகுஎன் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட பூங்கா அது. திலக் மகாராஷ்டிர வித்யாபீடம் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு நடைபெறும் இந்திய நகரங்களுள் சென்னையைப் போலவே புனேயும் ஒன்று.

இத்தகைய நகரில் மொழி கற்கத் தொடங்கும் இளைஞர்கள், செவிப்பழக்கத்துக்காக அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களை நாடுவது இயல்பே. அப்போது ஆர்வத்தைத் தூண்டி, அதே வேகத்தில் மிரளவும் வைக்கும் பெயர் ஒன்று உண்டு: 'கன்டம்'. 1979-இல் தொடங்கி இன்றுவரை தொலைக்காட்சித் தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் பெருகிக்கொண்டே இருக்கும் இந்த வரிசையை முழுவதும் பார்த்து முடிக்க ஒருவருக்குப் பல மாதங்கள் வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதே புதியவர்கள் முதலில் அறிய வேண்டிய செய்தி.

ராட்சத இயந்திர மனிதன் இந்தியர்களுக்குப் புதியவன் அல்லன். 1980-களில் தூர்தர்ஷனில் 'ஜயன்ட் ரோபோ' பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, கைக்கடிகாரத்தின் வழியே ஆணையிடும் சிறுவனும் அவனுக்குக் கட்டுப்பட்ட இரும்புப் பேருருவும் நன்கு நினைவிருக்கும். 1967-இல் ஜப்பானில் தயாரான தொடர் அது. அங்கே இயந்திரம் சிறுவனின் தோழன். தீயவர்களை அழிக்கும் வீரன். 1972-இல் வெளியான 'மஸிங்கர் இசட்' தொடரில் நாயகன் இயந்திரத்துக்குள்ளேயே அமர்ந்து இயக்கினான். எனினும் நல்லவர், தீயவர் என்ற கோடு மாறவில்லை.

அந்தக் கோட்டை அழித்தது, 1979 ஏப்ரல் 7 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மொபைல் சூட் கன்டம்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல் பிறந்த யோஷியுகி தொமினோ இதன் இயக்குநர். பூமியைச் சுற்றி அமைந்த விண்வெளிக் குடியிருப்புகளுள் ஒன்றான ஜியான், விடுதலை கோரிப் பூமிக் கூட்டரசின் மீது போர் தொடுக்கிறது. ஒரே மாதத்தில் மனித இனத்தில் பாதி மடிந்துவிட்டது என்ற அறிவிப்புடன்தான் கதையே ஆரம்பமாகிறது. கன்டம் என்பது அப்போரில் கூட்டரசு உருவாக்கும் ஓர் ஆயுதம், அவ்வளவே. அதற்குத் தனி மனமோ அறமோ கிடையாது.

அந்த ஆயுதத்தைத் தற்செயலாக இயக்க நேரும் அமுரோ ரே, 15 வயதுச் சிறுவன். அவனை ஏற்றிச் செல்லும் போர்க்கப்பலின் தலைவனுக்கே வயது 19தான். அமுரோ சண்டையிட மறுக்கிறான். ஒரு கட்டத்தில் கப்பலை விட்டே ஓடுகிறான். நெடுநாள் கழித்துச் சந்திக்கும் தாய், எதிரி வீரர் ஒருவரைத் தன் மகனே சுடுவதைக் கண்டு பதறும் காட்சி, சிறுவர்களுக்கான பொம்மை விளம்பரமாகக் கருதப்பட்ட ஒரு தொடரில் அன்று எவரும் எதிர்பாராதது.

விளம்பரதாரரான பொம்மை நிறுவனமும் அதை எதிர்பார்க்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் விற்பனையும் குறைவாக இருந்ததால், 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடித்துக்கொள்ளப்பட்டது. மறு ஒளிபரப்பும், அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மையும்தான் கன்டமுக்கு மறுவாழ்வு தந்தன. தொடரைச் சுருக்கி 1981, 1982 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வெளியாகின.

எங்கே தொடங்குவது?

அந்த மூன்று திரைப்படங்களே சிறந்த தொடக்கம். தொடரை முழுமையாகப் பார்க்க ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். திரைப்படங்களுக்கு ஏழு மணி நேரம் போதும். ஓவியம் பழையதுதான். அசைவுகளில் இன்றைய மெருகை எதிர்பார்த்தால் முதல் அரை மணி நேரம் சோர்வூட்டக்கூடும். அதைத் தாண்டிவிட்டால், பிற்காலத் தொடர்கள் எவற்றோடு வாதிடுகின்றன என்பது விளங்கிவிடும்.

ஒரே ஒரு மாலைப்பொழுதை மட்டும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு 1989-இல் வெளிவந்த 'வார் இன் தி பாக்கெட்' பொருந்தும். ஆறே பகுதிகள், முன்கதை ஏறக்குறைய தேவையில்லை. போரை விளையாட்டாக எண்ணி, அது தன் ஊருக்கும் வராதா என ஏங்கும் பள்ளிச் சிறுவன் ஒருவனின் கதை. அவன் விரும்பியது கிடைக்கிறது. முடிவை இங்கே சொல்வது முறையாகாது.

இவ்வரிசையில் காலக்கணக்கே பெருங்குழப்பம் தருவது. முதல் தொடரும் 'ஸீட்டா கன்டம்' (1985), 'சார்ஸ் கவுன்டர்அட்டாக்' (1988), 'யூனிகார்ன்' (2010) போன்றவையும் 'யுனிவர்சல் செஞ்சுரி' என்ற ஒரே கற்பனை ஆண்டுக் கணக்கில் அடங்குபவை. இவற்றை வரிசைப்படி பார்ப்பது நல்லது. 'விங்' (1995), 'சீட்' (2002), 'அயர்ன்-பிளட்டட் ஆர்பன்ஸ்' (2015), 'தி விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' (2022) ஆகியவை தனித்தனி உலகங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்பதால் எதிலிருந்தும் நுழையலாம்.

புதியதிலிருந்து தொடங்குவதே எளிது என்று எண்ணுவோர் சறுக்கும் இடமும் ஒன்றுண்டு. 2025-இல் வெளியான 'ஜீகுவாக்ஸ்' 12 பகுதிகளே கொண்டது. அமேசான் பிரைம் தளத்தில் வெளியானது. கண்ணைக் கவரும் வண்ணங்கள் நிறைந்தது. ஆனால் 1979-ஆம் ஆண்டுக் கதையில் வெற்றி தோல்வி மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே அதன் அடிப்படை. மூலக்கதை தெரியாதவருக்கு அதன் பாதிச் சுவை பிடிபடாது.

இலங்கைத் தீவும் ஒரு களம்

தமிழ்ப் பார்வையாளர்கள் தனிக் கவனத்துடன் அணுக வேண்டிய தொடர், 2007 அக்டோபரில் தொடங்கிய 'கன்டம் 00'. கற்பனை ஆண்டுக் கணக்கைக் கைவிட்டு, நாம் வழங்கும் கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் 2307-இல் நிகழ்வதாக அமைந்தது இது. உலகம் மூன்று வல்லரசு அணிகளாகப் பிரிந்திருக்க, இந்தியா சீனாவுடனும் ரஷியாவுடனும் ஒரே அணியில் இருக்கிறது. எந்த நாட்டையும் சாராத ஆயுதக் குழு ஒன்று, கன்டம் இயந்திரங்களைக் கொண்டு உலகின் எல்லாப் போர்களையும் வலுக்கட்டாயமாக நிறுத்தப் போவதாக அறிவிக்கிறது.

தொடரின் தொடக்கத்திலேயே அக்குழு தலையிடும் இடங்களுள் ஒன்று, சிலோன் என்று பெயரிடப்படும் இலங்கைத் தீவு. அங்கே நடந்துகொண்டிருப்பது இனப்போர். அப்பகுதி ஜப்பானில் ஒளிபரப்பான நாள்களில், இலங்கையில் உண்மையான போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அது 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அத்தீவில் அதே பகை நீடிக்கும் என்று கதாசிரியர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது, உறவுகளை இழந்த எவருக்கும் எளிதில் செரிக்காது.

இக்காட்சிகள் மிக விரைவாகக் கடந்து செல்கின்றன என்பது ஒரு நியாயமான குறை. பேரொளியோடு இறங்கும் இயந்திரங்கள் தெரிகின்றன. அந்த மண்ணில் வாழ்வோர் தெரிவதில்லை. எனினும், ஆயுதத்தால் திணிக்கப்படும் அமைதி எத்தனை நாள் நிற்கும், அதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்ற வினாவைத் தொடர் பின்னர் கைவிடுவதில்லை. அதன் நாயகனே மத்தியக் கிழக்கில் சிறுவயதில் போராளியாக்கப்பட்டவன்.

குழந்தைகளின் கையில் ஆயுதம் என்ற இந்தப் பொருளை மேலும் கடுமையாகக் கையாள்வது 'அயர்ன்-பிளட்டட் ஆர்பன்ஸ்'. செவ்வாய்க் கோளின் அநாதைச் சிறுவர்கள் கூலிப்படையினராக்கப்பட்ட கதை அது, வன்முறை மிகுதி. இயந்திரப் பொம்மைப் படம்தானே என்று சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்க விட வேண்டாம்.

மொழி கற்போருக்கு ஒரு குறிப்பு. கன்டம் உரையாடல்களில் படைத்துறைச் சொற்களும் ஆணை மொழியும் நிறைந்திருக்கும். தொடக்கநிலை மாணவர் இவற்றைப் பழகிக்கொண்டு வகுப்பில் ஆசிரியரிடம் பேசினால் நகைப்புக்கு இடமாகும். அன்றாடப் பேச்சுக்கு, பள்ளி வளாகத்தில் நிகழும் 'தி விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' ஓரளவு உதவும். பெண் ஒருவரை முதன்மைக் கதாபாத்திரமாகக் கொண்ட முதல் கன்டம் தொலைக்காட்சித் தொடர் அதுவே.

'ஹாத்தவே' (2021), 'ரெக்வியம் ஃபார் வெஞ்சன்ஸ்' (2024) ஆகியவை நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியானவை. 'கன்டம் இன்ஃபோ' என்ற அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் பழைய தொடர்களின் பகுதிகள் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாக இடம்பெறுவதுண்டு. ஒளிபரப்பு உரிமைகள் அவ்வப்போது கைமாறுவதால், சந்தா செலுத்தும் முன் விரும்பும் படைப்பு அத்தளத்தில் இருக்கிறதா எனத் தேடிப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

மாதிரிப் பொம்மைகளில் ஆர்வம் கொண்டோர் 'என்ட்ரி கிரேடு' வகையில் தொடங்கலாம். பசையோ வண்ணப்பூச்சோ வெட்டுக்கருவியோ தேவையில்லை. பாகங்களைக் கையாலேயே பிரித்துப் பொருத்திவிடலாம். கதையில் 18 மீட்டர் உயரமுள்ள கன்டம், 144-இல் ஒரு பங்கு அளவில் 12.5 செ.மீ. உயரத்தில் மேசை மீது நிற்கும். பெட்டியில் பண்டாய் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம். போலிகளில் பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு.