போன வாரம் எத்தனை முறை?

ஐ.பி.எல். ஆட்டங்களில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் சட்டை முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதியிருந்தது. நட்டு அவர்தான். ஜே.பி., அவருடைய ஊரான சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கடை நடத்தியவர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனைச் சென்னைக்குக் கூட்டிப்போனவர் ஜெயப்பிரகாஷ். 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் நடராஜன் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அதே சுற்றுப்பயணத்திலேயே டி20, டெஸ்ட் இரண்டிலும் இறங்கினார்.

இப்படிப்பட்ட துணையை எண்ணில் பிடிக்க விளையாட்டு உளவியலாளர்கள் வெகுநாளாக முயல்கிறார்கள். டிம் ரீஸ், லூ ஹார்டி இருவரும் உயர்நிலை வீரர்கள் 10 பேரிடம் பேசி, 2000-ல் அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: சோர்ந்தபோது ஆறுதல், தன்மேல் நம்பிக்கை வரவைக்கும் தெம்பு, ஆட்ட நுணுக்கம் சொல்லித்தருவது, பணம், பயணம் என்று கையில் கிடைக்கும் உதவி. 2014-ல் பால் ஃப்ரீமன் குழுவினர் இந்த நான்கையும் அளக்க 22 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தனர். "உனக்கு ஆள் இருக்கா?" என்று அது கேட்பதில்லை. போன ஒரு வாரத்தில் இன்ன உதவி எத்தனை முறை கிடைத்தது என்றுதான் கேட்கிறது.

ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, கைக்கு வந்து சேர்ந்தது வேறு. பல ஆய்வுகளைத் திரட்டிய 2007 பகுப்பாய்வில் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.35 மட்டுமே. முழுக்கப் பொருந்தினால் 1 வந்திருக்க வேண்டும்.

கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒரு விடிகாலை. கேலரிப் படியில், மடியில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக ஓர் அம்மா. மகளோடு அன்னூர்ப் பக்கமிருந்து வருகிறார்.

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க்கா?"

"நாலரைக்குங்க. அவ பஸ்ஸுல தூங்கிட்டு வருவாளுங்க. நான் முழிச்சிட்டிருப்பனுங்க, எறங்கோணுமில்லீங்க."

ஓடி முடித்து வந்த மகளிடம், யாரெல்லாம் உதவுகிறார்கள் என்று கேட்டேன். "மாஸ்டர் ஷூ வாங்கிக் குடுத்தாருங்க" என்றாள். பஸ்ஸில் தூங்கிய அந்த முக்கால் மணி நேரம் அவள் கணக்கில் இல்லை.

அவள்மேல் குற்றமில்லை. நயல் போல்ஜர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் வக்கீல் தேர்வுக்குப் படித்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் தனித்தனியே தினமும் குறிப்பு எழுதினார்கள். துணைவர் 'உதவினேன்' என்று எழுதி, படித்தவர் அதைக் கவனிக்காத நாட்களில்தான் மனச்சோர்வு குறைந்தது. உதவி கண்ணுக்குத் தெரிந்தால், 'நம்மால் தனியாக முடியவில்லையோ' என்ற உறுத்தலும் கூடவே வந்துவிடலாம்.

அதனால் இங்கே யாராவது அளக்க வந்தால், வினாத்தாளை இரண்டு பிரதி எடுக்கச் சொல்வேன். டிராக்கில் ஓடுபவருக்கு ஒன்று, கேலரிப் படியில் இருப்பவருக்கு ஒன்று. கேள்விகள் கொங்குத் தமிழில் இருக்கட்டும். அந்த நாலரை மணி பஸ்ஸைப் பற்றியும் ஒரு கேள்வி வேண்டும்.