இன்டர்போல் நம்மிடம் பணம் கேட்குமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, நீலசந்திராவில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், கையில் வங்கிப் புத்தகத்துடன் பதறியபடி என் வீட்டுக்கு வந்தார். "இன்டர்போலிலிருந்து பேசினார்கள் தம்பி. துபாயில் என் மகனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். இரண்டு லட்சம் கட்டினால் விட்டுவிடுவார்களாம்" என்றார். நான் அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். பையன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்! வந்தது மோசடி அழைப்பு. அன்று பெரியவருக்கு விளக்கியதையே, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இன்டர்போல், கைவிலங்குடன் உலகைச் சுற்றிவரும் போலீஸ் படை அல்ல. 1923-இல் வியன்னாவில் தோன்றி, இன்று பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்கும் இவ்வமைப்பில் 196 நாடுகள் உள்ளன. இந்தியா 1949-இல் சேர்ந்தது. நாடுகளின் போலீசாரிடையே தகவல் கொண்டு செல்வதே இதன் முக்கியப் பணி. கைது செய்வது அந்தந்த நாட்டுப் போலீசார்தான்.

ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இதற்கென ஒரு தேசிய அலுவலகம் உண்டு. நம் நாட்டில் அப்பொறுப்பு புதுடில்லியில் உள்ள சி.பி.ஐ.யுடையது. கர்நாடகப் போலீசாருக்கு வெளிநாட்டில் ஒருவரைத் தேட வேண்டுமானால், கோரிக்கை சி.பி.ஐ. வழியாகவே அந்நாட்டு அலுவலகத்துக்குப் போகும். இதை விரைவுபடுத்த 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டது.

அறிவிப்புகளுக்கு நிறங்கள் உண்டு. சிவப்பு, தேடப்படும் குற்றவாளிகளுக்கு, மஞ்சள், காணாமற்போனோருக்கு, கறுப்பு, அடையாளம் தெரியாத சடலங்களுக்கு. சிவப்பு அறிவிப்பும் கைது ஆணை ஆகாது. அதை ஏற்றுக் கைது செய்வதா என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்யும். அரசியல், மதம், இனம் சார்ந்த விவகாரங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்பது அதன் விதி.

நம் ஊர் உதாரணம் ஒன்று: பல வழக்குகளில் தேடப்பட்ட ரவி பூஜாரி 2019 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் கைதானார். பிடித்தவர்கள் செனகல் போலீசார். அங்கிருந்து தப்பிய அவர், தென்னாப்பிரிக்காவில் மீண்டும் சிக்கினார். சட்ட நடவடிக்கைகளெல்லாம் முடிந்து 2020 பிப்ரவரியில்தான் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டார். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தொலைபேசி அழைப்பில், பணம் கட்டி முடிகிற காரியமா இது?

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை எளியவை. வெளிநாட்டில் உறவினர் காணாமற்போனால், லியோனுக்கு எழுத வேண்டியதில்லை. உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மஞ்சள் அறிவிப்புக்குக் கேளுங்கள். அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் உடனே புகார் செய்யுங்கள். தொலைந்த பாஸ்போர்ட்டுகளுக்கென இன்டர்போலில் ஒரு பதிவேடே உண்டு. பிறர் அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க அது உதவும். பணம் கேட்டு அழைப்பு வந்தால், முதலில் பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். ஏமாந்து பணம் கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

பெரியவர் இப்போது தினமும் இரவு மகனுடன் பேசிவிட்டுத்தான் உறங்கப் போகிறார்.