மழைக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

தே தாரிக் சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் உங்கள் கேள்விக்கு வருகிறேன். "பருவநிலை மாற்றம் என்று எல்லாரும் சொல்கிறார்கள் அண்ணே. உலகத்துப் புகையை சுங்கை வேயில் உட்கார்ந்துகொண்டு நாம் எப்படிக் குறைப்பது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. கரியமில வாயுவைக் குறைப்பது முதல் வேலை. அதன் பெரும்பங்கு அரசாங்கங்களிடமும் மின் நிலையங்களிடமும் இருக்கிறது. ஏற்கெனவே மாறிப்போன வானிலைக்கு ஊரையும் ஆற்றையும் மனிதர்களையும் தயார் செய்வது இரண்டாவது வேலை. தகவமைப்பு என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டாவது வேலை நம் வீட்டுப் பின்பக்க லோங்காங்கிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் மழையைப் பார்ப்போம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதைக் கீழே விடும்போது கொட்டித் தீர்த்துவிடும். 2021 டிசம்பரில் அப்படி ஒரு மழையைப் பார்த்தோம். கோலாலம்பூரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 2,400 மில்லிமீட்டர். அந்த டிசம்பர் 18ஆம் தேதிக் கணக்கில் மட்டும் 363 மில்லிமீட்டர் பதிவானது. ஒரு மாதத்து மழையைவிட அதிகம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் பாதி சிலாங்கூரில்.

"அப்படியானால் எல்லாம் வானத்தின் குற்றமா?" என்பீர்கள். பாதிதான் வானம். மீதி நிலம்.

பத்துமலைத் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். 272 படி. லட்சக்கணக்கான ஜனம் இரவும் பகலுமாகப் பிரிந்து வருவதால் அந்தப் படிகள் தாங்குகின்றன. அத்தனை பேரும் ஒரே மணி நேரத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? ஆறும் அப்படித்தான். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் வெள்ளத்தை முடிவு செய்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமுமாக இருந்தது. மழையில் ஒரு பங்கு இலையில் தங்கும், ஒரு பங்கு மண்ணில் இறங்கும், ஒரு பங்கு குட்டையில் தேங்கும், மிச்சம்தான் மெதுவாக ஆற்றுக்குப் போகும். 1972இல் இங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது. தொழிற்சாலை, கூட்டரசு நெடுஞ்சாலை, தாமான், அடுக்குமாடி என்று நிலம் சிமெண்டானது. இப்போது விழுகிற மழையில் பெரும்பங்கு கொஞ்ச நேரத்திலேயே ஆற்று வாசலில் வந்து நிற்கிறது.

இதற்கு நம் பொறியாளர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரே மூழ்கியது. அடுத்த ஆண்டு வெள்ளத் தடுப்புப் பொறுப்பு வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம், அதாவது நாம் ஜேபிஎஸ் என்கிறோமே அதனிடம், வந்தது. 1975இல் அது வெளியிட்ட வழிகாட்டி, மழைநீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றலாம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. நேரான, வழவழப்பான கான்கிரீட் கால்வாய்கள் அந்த எண்ணத்தின் பிள்ளைகள். மேல்தாமான் தப்பித்தது, கீழ்தாமான் மூழ்கியது. 2001 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கையேடு, சுருக்கமாக ‘மஸ்மா’, கணக்கைத் திருப்பிப் போட்டது. விழுந்த இடத்திலேயே நீரைப் பிடி, கொஞ்ச நேரம் நிறுத்து, பிறகு மெதுவாக விடு என்றது. புதிய வீடமைப்புத் திட்டங்களில் வேலி போட்ட ஒரு குளம் இருக்கிறதே, அது இந்தக் கையேட்டின் வேலை.

பெரிய செலவிலும் இதே கருத்துத்தான். 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும், பெருமழையில் வண்டிகளை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். சுமார் 30 லட்சம் கன மீட்டர் நீர் அதற்குள் அடங்கும். ஆனால் அது கோலாலம்பூர் மையத்தைக் காக்கக் கட்டியது. நம் சுங்கை வே இருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நமக்கு இருப்பது ஈயக்குட்டைகள். கிளானா ஜெயா பூங்காவில் காலையில் நடக்கப் போகிறோமே, அந்த ஏரிகள் எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள். இன்று மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் குளங்கள். வறட்சிக்கும் குட்டைதான் கைகொடுக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக்குட்டைகளின் நீரை ஹோராஸ் திட்டத்தின்படி சிலாங்கூர் ஆற்றில் இறைத்து விடுகிறார்கள். 1998லும் 2014லும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் ரேஷன் நடந்தது நினைவிருக்கும், வாளியோடு லாரிக்குக் காத்திருந்தோம். வானிலை மாறுவதென்றால் மழை கூடுவது மட்டுமில்லை, இரண்டு மழைக்கு நடுவே உள்ள வறட்சியும் நீளலாம். இரண்டுக்கும் தேவை தண்ணீரை நிறுத்திவைக்கும் இடம்.

சரி, சுங்கை வேக்கு வருவோம். ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறே இங்கே ஓடுகிறது. பெஞ்சாலா ஆற்றில் போய்ச் சேரும், அது கிள்ளான் ஆற்றில் விழும். பல பேருக்கு அது ஆறு என்றே தெரியாது, பெரிய லோங்காங் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 2007இல் குளோபல் என்விரோன்மென்ட் சென்டர் என்ற பெட்டாலிங் ஜெயா அமைப்பும், இங்கேயே இருக்கும் மதுபான ஆலையின் அறக்கட்டளையும் சேர்ந்து ‘வாட்டர்’ என்ற திட்டத்தை இந்த ஆற்றில் தொடங்கின. அந்த அமைப்பின் ஆற்றுப் பணிகளை நடத்தி வந்தவர் நம்மவர், முனைவர் காளிதாசன் கைலாசம். பள்ளிப் பிள்ளைகளையும் குடியிருப்பாளர்களையும் ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்தார்கள். நீரின் தரம் ஐந்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தது என்பது அவர்கள் அறிவித்த பலன்.

இந்த வகுப்பு என்ன என்று கேட்பீர்கள். சுற்றுச்சூழல் துறை ஆறு விஷயங்களை அளக்கிறது: நீரில் கரைந்த ஆக்சிஜன், அதைத் தின்னும் கழிவின் இரண்டு அளவுகள், அமோனியா, மிதக்கும் மண், அமிலத்தன்மை. முதல் வகுப்பு மலையூற்று மாதிரி. மூன்றில் தாக்குப்பிடிக்கும் மீன்கள் வாழும், நன்றாகச் சுத்திகரித்தால் குடிநீரும் ஆக்கலாம். நான்கு பயிருக்குப் பாய்ச்சத்தான். ஐந்து எதற்கும் ஆகாது.

"ஆறு சுத்தமானால் வெள்ளம் குறையுமா?" இதுதான் நல்ல கேள்வி. ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கழிவு குழாயில் போகும், சமையல்கட்டுத் தண்ணீரோ நேரே லோங்காங்கில் விழும். பொரித்த எண்ணெய் குளிர்ந்ததும் வெள்ளையாக உறைந்து சிமெண்டில் ஒட்டும். அதன்மேல் சோறு, தேயிலைச் சக்கை, பிளாஸ்டிக் பை. நாளடைவில் ஒரு அடி ஆழ லோங்காங் அரை அடியாகிறது. பெருமழை அன்று அந்த அரை அடிதான் தண்ணீர் ரோட்டுக்கு ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கும். ஆற்றிலும் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. கரையில் புல்லும் மரமும் இருந்தால் வேர் மண்ணைப் பிடிக்கும், ஆறு மேடு தட்டாது, மரநிழல் கொதிக்கிற அடுக்குமாடிக்கும் கொஞ்சம் குளிர்ச்சி தரும். சுத்தமான ஆறு வறட்சியில் கையிருப்பு, நாறும் ஆறு வெள்ளத்தன்று வீட்டுக்குள் வரும் நோய்.

கீழே போகப் போகச் சிக்கல் கூடுகிறது. கிள்ளான் ஆறு கடலைச் சேரும் இடத்தில் பெருக்கு நாட்களில் கடல்மட்டம் பல மீட்டர் ஏறும். 2021இல் வெள்ளம் வந்த அந்த வார இறுதி பௌர்ணமி. கடல் உயர்ந்து நிற்கும்போது ஆறு எங்கே போகும்? ஆற்றோரத் தாழ்நிலம் மதகையும் பம்ப்பையும் நம்பித்தான் இருக்கிறது. கடல்மட்டம் ஏற ஏற அந்த நம்பிக்கை மெலியும். ஆகவே கழிமுகத்துச் சதுப்புக் காட்டைக் காப்பதும், மேலே சுங்கை வேயில் தண்ணீரை அரை மணி நேரம் தாமதப்படுத்துவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

ஆற்றோரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம் ஜனங்கள் ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டார்கள், பிறகு தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே ஐந்தாம் மாடிக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் வராதுதான். ஆனால் கீழே நிற்கும் அவருடைய மோட்டார் மூழ்கும், மறுநாள் வேலைக்குப் போக முடியாது. லிப்ட் நின்றால் மருந்து வாங்க இறங்க முடியாத பாட்டியும் அங்கேதான் இருக்கிறார். எந்த வீட்டில் படுக்கை நோயாளி, யாரிடம் நான்கு சக்கர வண்டி, சூராவ் அல்லது கோயில் மண்டபச் சாவி யாரிடம் என்று மாடிக்கு ஒருவர் எழுதிவைத்தால், அதுவும் தகவமைப்புதான். ஜேபிஎஸ் ஆற்றுமட்ட அளவுகளை இணையத்தில் போடுகிறது. அதைப் பார்த்துக் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் தமிழில் சொல்ல ஒருவர் போதும்.

செய்யக்கூடியது சிறியது தொடங்கிப் பெரியது வரை உண்டு. எண்ணெயைப் போத்தலில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், 1998 வறட்சிக்குப் பிறகு 1999இலேயே அரசாங்கம் இதற்கு வழிகாட்டி போட்டது. ஆனால் பீப்பாயால் மட்டும் ஊர் பிழைக்காது. ஜேபிஎஸ் விதியின்படி 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஆற்றுக்குக்கூட இரு கரையிலும் 5 மீட்டர் விட வேண்டும், 40 மீட்டரைத் தாண்டிய ஆற்றுக்கு 50 மீட்டர். அந்த ஒதுக்கு நிலத்தில் கார் நிறுத்துமிடம் வருகிறதா, தேக்கக் குளத்தின் ஓரத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி கேட்கிறார்களா என்பது மாநகர் மன்றத்தின் உள்ளூர்த் திட்ட வரைவில் இருக்கும். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எதிர்ப்பு எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. நம்மவர்கள் கோயில் நிலத்துக்கும் பள்ளி நிலத்துக்கும் மனு எழுதப் பழகியவர்கள். அடுத்த மனுவை ஆற்று நிலத்துக்கு எழுதுவோம்.